நூறு சதவீதத் தேர்ச்சி சரி... மீதிப் பிள்ளைங்க எங்கே?



"அமெரிக்காவுல சார்ட்டர் ஸ்கூல்னு ஒண்ணு இருக்கு. காசு கவர்மெண்ட் தரும், நடத்தறது வேற ஆளு. ஏழைப் பசங்க இருக்கற ஏரியாவுல போய் ஆரம்பிச்சு, எல்லாரையும் காலேஜுக்கு அனுப்பிட்டாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஏன் பண்ண மாட்டேங்கறாங்க?"

ஆபீஸ் கேன்டீன்ல ஒரு அண்ணன் கேட்ட கேள்வி இது. நல்ல மனுஷன். நம்ம கட்சிக்காரர் இல்ல, எதிர்க்கட்சிக்காரரும் இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டார். நான் "அதெல்லாம் தனியார்மயம்ணே"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டு கை கழுவப் போயிட்டேன். அது சோம்பேறி பதில். மனசு உறுத்துச்சு. ரெண்டு மூணு வாரம் ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களோட பகிர்ந்துக்கறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். டீ சொல்லிட்டு உட்காருங்க.

முதல்ல ஒண்ணு. சார்ட்டர் பள்ளி நம்ம ஊர் மெட்ரிக் பள்ளி மாதிரி கிடையாது. கட்டணம் வாங்கக் கூடாது. பொதுவா நுழைவுத் தேர்வும் கிடையாது. இருக்கிற இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பிச்சா குலுக்கல் போட்டுத்தான் எடுக்கணும். நம்ம ஊர்ல கிட்டத்தட்ட ஒப்பிடணும்னா அரசு உதவிபெறும் பள்ளியைச் சொல்லலாம்: பணம் அரசாங்கத்தோடது, நிர்வாகம் வேற. ஆனா ஒரு பெரிய வித்தியாசம், அதுக்குக் காலாவதி தேதி உண்டு. அந்தப் பேரே ஒரு சாசனத்தைக் குறிக்கறதுதான். பெரும்பாலும் அஞ்சு வருஷம். "உனக்குப் பாடத்திட்டத்துல, ஆசிரியர் நியமனத்துல, பள்ளி நேரத்துல சுதந்திரம் தர்றோம். பதிலுக்குப் பிள்ளைங்க படிச்சிருக்கணும். படிக்கலைன்னா மூடிடுவோம்." இதுதான் ஒப்பந்தம். கேட்க நியாயமாத்தான் இருக்கு.

எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, இந்த யோசனையை நாடு முழுக்க எடுத்துட்டுப் போனது ஒரு முதலாளி இல்ல, தொழிற்சங்கத் தலைவர். அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவரா இருந்த ஆல்பர்ட் ஷேங்கர், 1988 மார்ச் 31 அன்னைக்கு வாஷிங்டன்ல ஒரு உரையில இதைப் பேசினார். சார்ட்டர்ங்கற பேரை ஏற்கெனவே வெச்சவர் ரே பட்டீ என்கிற மாசசூசெட்ஸ் பேராசிரியர். ஷேங்கர் சொன்னதோட சாரம் இதுதான்: வழக்கமான வகுப்பறை எந்தப் பிள்ளைக்குப் பயன்படலையோ, அந்தப் பிள்ளைக்கு வேற என்ன செய்யலாம்னு ஆசிரியர்களே சின்னக் குழுவாச் சேர்ந்து முயற்சி பண்ணட்டும். கத்துக்கிட்டதைத் திரும்ப எல்லாப் பள்ளிக்கும் கொண்டு வரட்டும். பின்னாடி 90கள்ல இது போன போக்கைப் பார்த்துட்டு அவரே இதோட விமர்சகரா மாறினார். அது வேற கதை.

1991ல மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டுச்சு. மாநிலம் முழுக்க மொத்தம் 8 பள்ளிக்குத்தான் அனுமதி. 1992 செப்டம்பர்ல செயின்ட் பால் நகரத்தோட கிழக்குப் பகுதியில, உழைக்கிற ஜனங்க வாழற ஏரியாவுல, நாட்டோட முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. பேரு சிட்டி அகாடமி. தொடங்கினது மைலோ கட்டர், டெர்ரி கிரேபல்னு ரெண்டு ஆசிரியர்கள். கட்டடம்? நகராட்சியோட ஒரு பொழுதுபோக்கு மையம். மாணவர்கள் முப்பத்திச் சொச்சம் பேர். யார் அவங்க? பள்ளியை விட்டு இடைநின்ற இளைஞர்கள். வேற எந்தப் பள்ளியும் "வா"ன்னு கூப்பிடாத பிள்ளைங்க.

அந்த வரியைப் படிச்சப்போ எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்துச்சு.

நான் வடசென்னையில ஒரு தனியார் பள்ளியில படிச்சவன். பள்ளி பேர் வேணாம். ஒன்பதாம் வகுப்புல என் பக்கத்து சீட்ல ஒருத்தன். கணக்கு சுத்தமா வராது. ஆனா வகுப்புல ஃபேன் நின்னா, வாட்ச்மேன் வர்றதுக்கு முன்னாடி இவன் பெஞ்ச் மேல ஏறி ஓட விட்டுடுவான். முழுப் பரீட்சை முடிஞ்சதும் அவங்கம்மாவைக் கூப்பிட்டாங்க. "டிசி வாங்கிட்டுப் போயிட்டா பாஸ் போட்டுத் தர்றோம். இங்கயேதான் இருப்பேன்னா ஃபெயில்தான்." அவங்கம்மா வீட்டு வேலைக்குப் போறவங்க. ஆபீஸ் ரூம் வாசல்ல முந்தானையைப் பிடிச்சுட்டு நின்னாங்க. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த வருஷம் அவனை மாதிரி இன்னும் சில பேர் போனாங்க.

அடுத்த வருஷம் எங்க பள்ளி பத்தாம் வகுப்புல நூறு சதவீதத் தேர்ச்சி. வாசல்ல பெரிய ஃபிளெக்ஸ். அதுல என் போட்டோவும் இருந்துச்சு. எங்கம்மா அதை போன்ல படம் பிடிச்சு சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டினாங்க.

இன்ஜினியரிங் படிச்சவனா ஒண்ணு சொல்றேன். சதவீதம்னா ஒரு பின்னம். மேல இருக்கறது தொகுதி (தேர்தல் தொகுதி இல்லப்பா, பின்னத்தோட மேல்பாதி), கீழ இருக்கறது பகுதி. தேர்ச்சி விகிதத்தை ஏத்தறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பிள்ளைங்களுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்து மேல் எண்ணைக் கூட்டறது. இன்னொண்ணு, படிக்காத பிள்ளையைக் கிளப்பி விட்டு கீழ் எண்ணைக் குறைக்கறது. ஃபிளெக்ஸைப் பார்க்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு மறுபடி அமெரிக்காவுக்குப் போவோம்.

நீங்க நியூயார்க்ல பிராங்க்ஸ் மாதிரி ஒரு ஏழை ஏரியாவுல ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கணும்னு வெச்சுக்கோங்க. ஆசிரியர், நல்ல எண்ணம், ரெண்டு நண்பர்கள், அவ்வளவுதான் கையில இருக்கு. என்ன நடக்கும்? முதல்ல ஒரு அறங்காவலர் குழு அமைக்கணும். அப்புறம் விண்ணப்பம். 1998ல வந்த நியூயார்க் சட்டப்படி, மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள், இல்லைன்னா மாநிலக் கல்வி ஆட்சிமன்றம், இந்த மாதிரி அனுமதி தரும் அமைப்புக்கிட்ட போகணும். என்ன பாடம், எந்த ஆசிரியர், வருஷா வருஷம் எத்தனை பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, ஆங்கிலம் தெரியாம வர்ற பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, அஞ்சு வருஷ வரவுசெலவு, எல்லாம் எழுதணும். வீடு வீடா போய் பெற்றோர்கிட்ட ஆதரவு வாங்கிக் காட்டணும். பூத் வேலை பார்த்த நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பகுதி மட்டும் சுலபமா இருக்கும்.

அனுமதி கிடைச்சாச்சு. இப்பதான் உண்மையான பிரச்சினை. அரசாங்கப் பணம் ஒரு மாணவருக்கு இவ்வளவுன்னு தலைக்கணக்குல வருது. பிள்ளை வந்து உட்கார்ந்தாத்தான் பணம். ஆனா பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே தலைமையாசிரியருக்குச் சம்பளம் தரணும், பெஞ்ச் வாங்கணும், எல்லாத்துக்கும் மேல கட்டடம் வேணும். அங்க பல சார்ட்டர் பள்ளிகள் தேவாலயத்துக் கீழ்த்தளத்துலயும், பழைய கிடங்குலயும், மூடின கடையிலயும் ஆரம்பிச்சதுக்குக் காரணம் இதுதான். நியூயார்க்ல இன்னொரு வழி இருக்கு. ஏற்கெனவே நடக்கற அரசுப் பள்ளிக் கட்டடத்துலயே ஒரு மாடியைப் பிரிச்சு சார்ட்டருக்குக் குடுக்கறது. ஒரே படிக்கட்டு, ஒரே விளையாட்டு மைதானம், ரெண்டு பள்ளி. ஒரு மாடியில புது பெயின்ட், இன்னொரு மாடியில பழைய சுவர். அங்க படிக்கற ஆறாவது படிக்கற புள்ள தினம் அந்தப் படிக்கட்டுல ஏறும்போது என்ன நினைக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மத்திய அரசு 1994ல இருந்து தொடக்க மானியம் குடுக்குது. அது போதாது. அப்ப மீதி யார்கிட்ட இருக்கும்? கொடையாளர்கள் கிட்ட. பெரிய அறக்கட்டளைகள் கிட்ட. யாருக்கு அவங்களோட பழக்கம் உண்டோ, அவங்கதான் பள்ளி தொடங்க முடியும். ரெண்டு ஆசிரியர்கள் ஒரு பொழுதுபோக்கு மையத்துல தொடங்கின விஷயம், கொஞ்சம் கொஞ்சமா, பல ஊர்ல கிளை வெச்ச பெரிய குழுமங்களோட கைக்குப் போனதுக்கு இது முக்கியமான காரணம்னு நான் நினைக்கறேன். யாரோ சதி பண்ணித்தான் இது நடந்ததுன்னு இல்ல. பணம் வர்ற வழியை அப்படி அமைச்சா, விஷயம் அப்படித்தான் போகும். மிச்சிகன்ல சார்ட்டர்கள்ல பெரும்பாலானதை லாப நோக்கு நிறுவனங்களே நடத்துற அளவுக்குப் போச்சு.

இப்ப நியாயமா ஒண்ணை ஒத்துக்கணும். "சார்ட்டர்னாலே ஏமாத்து"ன்னு நம்ம பக்கம் யாராவது எழுதினா, அதை ஷேர் பண்ணாதீங்க. அது உண்மை இல்ல.

பாஸ்டன்ல நடந்த ஆய்வு அருமையானது. சாதாரணமா சார்ட்டர் மாணவர்களையும் அரசுப் பள்ளி மாணவர்களையும் ஒப்பிட்டா ஒரு கோளாறு வரும்: தேடிப்பிடிச்சு ஃபார்ம் நிரப்பற பெற்றோரோட பிள்ளை எங்க இருந்தாலும் கொஞ்சம் நல்லாத்தான் படிக்கும். ஆனா குலுக்கல் இருக்குதே! ஃபார்ம் போட்டு பேர் வந்த பிள்ளையையும், ஃபார்ம் போட்டும் பேர் வராத பிள்ளையையும் ஒப்பிட்டா, பெற்றோர் அக்கறை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஜாஷுவா ஆங்ரிஸ்ட் (2021ல பொருளாதார நோபல் வாங்கினவர்) உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டாங்க. பாஸ்டன் சார்ட்டர்கள்ல இடம் கிடைச்ச பிள்ளைங்க, அதிலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைங்க, கணக்குல பெரிய அளவுக்கு முன்னேறியிருந்தாங்க. நீண்ட பள்ளி நேரம், வாரம் தவறாத தனிப் பயிற்சி, விடாப்பிடியான ஆசிரியர்கள். 1999ல ராக்ஸ்பரிங்கற ஏழை ஏரியாவுல ஒரு சார்ட்டர் பள்ளியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் கிங், 2016ல நாட்டோட கல்வி அமைச்சராவே ஆனார்.

ஆனா பாஸ்டன் முழு அமெரிக்கா இல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட ஆய்வு மையம் 2009ல 15 மாநிலங்களையும் தலைநகரையும் எடுத்துப் பார்த்துச்சு. பக்கத்து அரசுப் பள்ளியைவிட கணக்குல நல்லா செஞ்ச சார்ட்டர்கள் 17 சதவீதம். மோசமா செஞ்சது 37 சதவீதம். மீதியில வித்தியாசமே இல்ல. அதே மையம் 2023ல பார்த்தப்போ நிலைமை தேறியிருந்தது: சராசரியா வாசிப்புல 16 நாள், கணக்குல 6 நாள் படிச்சதுக்குச் சமமான கூடுதல் முன்னேற்றம். முன்னேற்றம்தான், மறுக்கல. கேன்டீன் அண்ணன் சொன்ன "எல்லாரும் காலேஜுக்கு" அளவுக்கு இல்ல, அவ்வளவுதான்.

பாஸ்டன் இவ்வளவு நல்லா இருந்தும், 2016ல மாசசூசெட்ஸ்ல "வருஷத்துக்கு 12 சார்ட்டர் வரைக்கும் கூட்டலாமா"ன்னு மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு வெச்சப்போ 62 சதவீதம் பேர் வேணாம்னாங்க. ஏன்? ஒரு அரசுப் பள்ளியில இருந்து பத்து வகுப்புலயும் சேர்த்து 20 பிள்ளை சார்ட்டருக்குப் போனா, 20 பிள்ளையோட பணமும் கூடவே போகும். ஆனா ஒரு ஆசிரியரைக்கூட குறைக்க முடியாது. கரண்ட் பில் குறையாது. கூரை ஒழுகறது நிக்காது. அதனால இசை வகுப்பு போகும், நூலகர் போவார், செவிலியர் போவார். மிச்சமிருக்கற பிள்ளைங்கதான் அந்த விலையைக் குடுக்கறாங்க. தன் பிள்ளை அந்த மிச்சத்துல இருக்கும்னு நிறைய பெற்றோருக்குப் புரிஞ்சிருந்தது.

ஹார்லெம் குலுக்கல் காட்சியை நீங்க யூடியூப்ல பார்த்திருக்கலாம். 2010ல வந்த வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன் ஆவணப்படம். பேர் கூப்பிட கூப்பிட ஒரு அம்மா பிள்ளையோட கையை இறுக்கிப் பிடிச்சுட்டு இருப்பாங்க. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு. பேர் வந்த பிள்ளைக்காக சந்தோஷம். ஆனா பேர் வராத பிள்ளைக்கு மறுநாள் காலையில எந்தப் பள்ளி கதவைத் திறந்துச்சு? அதே பழைய அரசுப் பள்ளிதான்.

அடுத்தது, உள்ள போன பிள்ளைங்க. 2015 அக்டோபர்ல நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. நியூயார்க்கோட மிகப் பெரிய சார்ட்டர் குழுமமான சக்சஸ் அகாடமி, தேர்வுல பிரமாதமான மதிப்பெண் காட்டற குழுமம். அதோட புரூக்ளின் பள்ளி ஒண்ணுல, தலைமையாசிரியர் ஒரு பட்டியல் வெச்சிருந்தார். "போயாகணும்"ங்கற அர்த்தத்துல தலைப்பு. கீழ 16 பிள்ளைங்க பேர். அதுல 9 பேர் பின்னாடி பள்ளியை விட்டுப் போனாங்க. அது தவறு, உடனே கண்டிச்சுத் திருத்திட்டோம்னு குழுமத்தோட தலைமை சொல்லுச்சு. எல்லா சார்ட்டர் பள்ளியும் இப்படின்னு நான் சொல்ல வரல. இப்பவும் இடைநின்ற பிள்ளைகளுக்காகவே நடக்கற சார்ட்டர்கள் இருக்கு. ஆனா மதிப்பெண் வரலைன்னா மூடிடுவோம்னு ஒரு பள்ளியை மிரட்டி வெச்சா, அது கீழ் எண்ணைக் குறைக்கற வழியைத் தேடும். எங்க பள்ளி தேடின அதே வழி. வடசென்னைக்கும் புரூக்ளினுக்கும் அந்த விஷயத்துல தூரமே இல்ல.

நியூ ஆர்லியன்ஸ்ல இதைப் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. 2005 ஆகஸ்ட்ல கத்ரீனா புயல். ஊரே தண்ணியில. அந்தக் குழப்பத்துல மாநில அரசு பெரும்பாலான பள்ளிகளை எடுத்துக்கிட்டு, படிப்படியா சார்ட்டர்களுக்குக் குடுத்துச்சு. பள்ளி மாவட்டத்தோட ஊழியர்கள் சுமார் 7,500 பேருக்கு வேலை போச்சு. ஆசிரியர்கள்ல பெரும்பாலானவங்க அதே ஊர்ல பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்கள். தேர்வு மதிப்பெண் உயர்ந்தது உண்மை. துலேன் பல்கலைக்கழக ஆய்வே அதைச் சொல்லுது. ஆனா ஒவ்வொரு பள்ளியும் தனக்குத் தானே ராஜா. யாரைச் சேர்க்கறது, யாரைத் துரத்தறதுன்னு ஆளுக்கொரு விதி. துரத்தின பிள்ளைக்கு யார் பொறுப்புன்னு கேட்டா பதில் இல்ல. கடைசியில 2012ல பெரும்பாலான பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், வெளியேற்றத்துக்கு ஒரே பொது விசாரணைன்னு கொண்டு வந்தாங்க. அதாவது, எதைக் கலைச்சாங்களோ அதையே கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கட்டினாங்க. 2024ல அந்த நகரத்துப் பள்ளி வாரியமே நேரடியா ஒரு புதுப் பள்ளியைத் திறந்துச்சு. முழுக்க சார்ட்டரா மாறின ஊர்ல!

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கறீங்களா? தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ எடுத்துப் பாருங்க. கொடையாளர்-அரசு கூட்டுப் பள்ளி மாதிரிகளைச் சோதனை முறையில தொடங்கலாம்னு ஒரு வரி அதுல இருக்கு. ஒரு வரிதான். கேன்டீன் அண்ணன் கேட்ட மாதிரி நாளைக்கு நிறைய பேர் கேட்பாங்க, அழகான வீடியோவோட.

இன்னொரு விஷயம், இதை எங்க ஆபீஸ் அண்ணன்கிட்ட சொன்னப்போ அவரே அதிர்ந்துட்டார். கல்வி உரிமைச் சட்டம் 2009, எட்டாம் வகுப்பை முடிக்கற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு சொல்லுது. அந்தப் பாதுகாப்பு எட்டோட முடியுது. என் நண்பனுக்கு டிசி குடுத்தது ஒன்பதாம் வகுப்பு முடிவுல. தற்செயல்னு நினைக்கறீங்க?

அதனால யாராவது உங்ககிட்ட "இந்த மாடல் பிரமாதம், நம்ம குடிசை மாற்று வாரியக் குடியிருப்புப் பக்கத்துல ஒண்ணு ஆரம்பிக்கலாம்"னு வந்தா, சண்டை போடாதீங்க. தனியார்மயம்னு ஒரே வார்த்தையில விரட்டவும் செய்யாதீங்க, நான் பண்ணின தப்பு அது. உட்கார வெச்சு கேளுங்க. முதல் வருஷம் ஆறாவதுல எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதே பிள்ளைங்கள்ல எத்தனை பேர் பத்தாவது எழுதினாங்க? நடுவுல காலியான இடத்துல புதுப் பிள்ளையைச் சேர்த்தீங்களா, இல்ல காலியாவே விட்டீங்களா? போன பிள்ளைங்க இப்ப எந்தப் பள்ளியில இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கட்டடம் யார் பேர்ல? அஞ்சு வருஷத்துல நீங்க கடையைக் கட்டிட்டுப் போனா ஜூன் மாசம் அந்த 400 பிள்ளைங்க எங்க போறது? பதில் வெச்சிருந்தா, மேற்கொண்டு பேசலாம். இதே கேள்வியை நம்ம அரசுப் பள்ளிகள்கிட்டயும் கேட்கணும். அங்கயும் இடைநிற்றல் இருக்கு, நம்ம ஆட்சியா இருந்தாலும் கேட்கணும்.

என் நண்பன் அந்த ஜூன்ல பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில சேர்ந்தான். அங்க அவன் மார்க் ஷீட்டை யாரும் கேட்கல. டிசியையும் ஆதாரையும் வாங்கிட்டு, "சாப்பிட்டியாடா?"ன்னு கேட்டாங்களாம். பத்தாவது பாஸ். கணக்குல 41. அப்புறம் ஐடிஐ. இப்ப சொந்தமா ஏசி மெக்கானிக் வேலை. போன மே மாசம் எங்க வீட்டு ஏசிக்கு கேஸ் போட வந்தான். எங்கம்மா ஹால்ல மாட்டி வெச்சிருக்கற அந்த ஃபிளெக்ஸ் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதுல நான் எங்கடா?"ன்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

உங்க ஏரியாவுல ஒன்பதாம் வகுப்பு முடிவுல இப்படி டிசி குடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைங்க இருந்தா, எந்த மாவட்டம், எந்த வருஷம், எத்தனை பேர்னு மட்டும் எழுதுங்க. பள்ளி பேர் வேணாம். பிள்ளை பேர் கண்டிப்பா வேணாம். தொகுத்து, நம்ம கல்விக் குழு கையில குடுக்கறது என் பொறுப்பு.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#அரசுப்பள்ளி #கல்விஉரிமை #எந்தப்பிள்ளையும்வெளியேஇல்லை